20,000 ரூபாய்க்குள் வீட்டு ஒலிப்பதிவு: வாசகர் கேள்வி – பதில்

கரோக்கி இசையோடு சினிமாப் பாடல்கள் பாடி யூடியூபில் போடுகிறேன். இதுவரை எல்லாம் செல்போன் பதிவுதான். லேப்டாப் இருக்கிறது. கையில் 20,000 ரூபாய் வைத்திருக்கிறேன். எதை எதை வாங்குவது?
– வாசகர், ஈரோடு

முழுப் பணத்தையும் மைக்கில் கொட்டிவிடாதீர்கள். 15,000 ரூபாய்க்கு மைக் வாங்கிவிட்டு, அதை நிறுத்த ஸ்டாண்ட் இல்லாமல் புத்தகங்களை அடுக்கி வைத்துப் பாடுகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் தொகையை இப்படிப் பிரிக்கலாம்: மைக்குக்கு 7,000, மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு 6,000, காதை முழுவதும் மூடும் ஹெட்போனுக்கு 3,000, தரையில் நிற்கும் பூம் ஸ்டாண்டுக்கு 1,200, மைக்கை அந்தப் பெட்டியோடு இணைக்கும் மூன்று மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிளுக்கு 600, வாய்க்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் பாப் ஃபில்டருக்கு 400. மீதி 1,800 ரூபாயை அறையின் எதிரொலியைக் குறைக்க ஒதுக்குங்கள். கடைக்குக் கடை விலை மாறும். ஆனால் இந்த விகிதத்தை விட்டு அதிகம் விலக வேண்டாம்.

இன்டர்ஃபேஸ் வாங்கும்போது அதில் மைக்குக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் இருக்கிறதா, பாடும் குரலைத் தாமதமில்லாமல் ஹெட்போனில் கேட்கவைக்கும் டைரக்ட் மானிட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம். பெஹ்ரிங்கர் யூஎம்சி22-இல் இரண்டும் உண்டு. ஆனால் அது 16 பிட் கருவி. சற்றுக் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் 24 பிட்டில் பதியும் யூஎம்சி202ஹெச்டி அல்லது ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ நல்லது. 24 பிட்டில் லெவலை, அதாவது பதிவின் ஒலி அளவை, தாராளமாகக் குறைத்து வைத்துப் பதியலாம். பின்னால் ஏற்றிக்கொண்டாலும் இரைச்சல் கூடவே கிளம்பி வராது.

மைக்கில், ஆடியோ டெக்னிகா ஏடி2020 போன்ற ஆரம்ப நிலை கண்டென்சர் (ஃபேன்டம் பவரில் இயங்கும் மைக்) உங்கள் வேலைக்குப் போதும். ஒன்றை மறக்காதீர்கள்: இவ்வகை மைக்கின் உச்சியில் வாயை வைத்துப் பாடக் கூடாது. அது பக்கவாட்டில் கேட்கும் மைக். நிறுவனத்தின் முத்திரை இருக்கும் பக்கம்தான் பெரும்பாலும் முன்பக்கம். உச்சியைப் பார்த்தோ பின்பக்கத்திலோ பாடினால் குரல் மங்கி, தொலைவிலிருந்து வருவது போலப் பதியும்.

எங்கள் வீடு பேருந்துச் சாலையை ஒட்டி இருக்கிறது. கண்டென்சர் மைக் தெருச் சத்தம் எல்லாவற்றையும் இழுத்துவிடும், மேடைகளில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் மைக் இழுக்காது என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, சேலம்

பாதி உண்மை. இரண்டு மைக்கையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, குரலின் அளவு சமமாக வரும்படி கெயினை (மைக்கின் ஒலியைப் பெருக்கும் குமிழை) திருப்பிப் பாருங்கள். பின்னணிச் சத்தம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கேட்கும். டைனமிக் மைக்குக்கு நல்ல பெயர் வந்ததற்குக் காரணம், எல்லோரும் அதை உதட்டருகே வைத்துப் பாடுவதுதான்.

தூரம்தான் இங்கே கணக்கு. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள இடைவெளியைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். தெருச் சத்தம் இருந்தபடியே இருக்கும். 20 சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல் லாபம். எந்த விலையுயர்ந்த மைக்கும் இந்த லாபத்தைத் தராது. நெருங்கினால் அடிக்குரல் பெருத்துக் கேட்கும், ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று ‘புட்’டென்று அடிக்கும். பாப் ஃபில்டரை வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் வைத்து, மைக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்பினால் காற்று நேராக மோதாது. பெருத்த அடிக்குரலைப் பிறகு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிச் சரிசெய்யலாம்.

உங்கள் சூழ்நிலைக்கு ஷூர் எஸ்எம்58 நல்ல தேர்வு. 1966-இலிருந்து விற்பனையில் இருக்கும் டைனமிக் மைக். மேடைக்கென்று செய்தாலும் பதிவுக்கும் குறையில்லை. போலிகள் ஏராளம். அசல் மைக்கின் எடை 298 கிராம். கையில் எடுத்தால் இலேசாக இருக்கிறதென்றால் சந்தேகப்படுங்கள், பில்லோடு அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்குங்கள். பாட்காஸ்ட் படங்களில் எல்லோர் முன்னாலும் நிற்கும் அதே நிறுவனத்தின் எஸ்எம்7பி மைக்கை இப்போதைக்கு நினைக்க வேண்டாம். அதற்கு 60 டெசிபல் அளவுக்குக் கெயின் வேண்டும். மலிவான இன்டர்ஃபேஸ்களில் குமிழை முழுவதும் திருப்பினால்தான் அந்த அளவு கிடைக்கும், கூடவே ‘ஸ்ஸ்’ இரைச்சலும் வரும். அதைத் தவிர்க்க இடையில் தனியாக ஒரு பூஸ்டர் வாங்க வேண்டியிருக்கும்.

ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு ஸ்டாண்ட், பாப் ஃபில்டர் எல்லாம் சேர்த்து ஒரு கண்டென்சர் மைக் செட் வாங்கினேன். கூடவே வந்த வயரை லேப்டாப்பில் சொருகினால் சத்தம் ஈனஸ்வரத்தில் கேட்கிறது. மைக் பழுதா?
– வாசகர், திருநெல்வேலி

மைக் பழுதாக இருக்க வேண்டியதில்லை. இவ்வகை மைக்குகள் 48 வோல்ட்டை எதிர்பார்ப்பவை. லேப்டாப்பின் 3.5 மில்லிமீட்டர் துளை தருவது 2 முதல் 5 வோல்ட். சில மாடல்கள் அதிலும் முனகும், சில முழுவதும் ஊமையாகிவிடும். தனியாக விற்கும் 48 வோல்ட் பெட்டியை வாங்கி இடையில் வைத்தால் மைக்குக்கு உயிர் வரும். ஆனால் ஒலி கடைசியில் அதே லேப்டாப் துளைக்குள்தான் போகிறது. அதன் இரைச்சல் அப்படியே இருக்கும். அந்தப் பெட்டிக்குச் செலவழிக்காமல் யூஎஸ்பி இன்டர்ஃபேஸுக்குச் சேமியுங்கள். இப்போதுள்ள மைக்கை அதில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கேபிளிலும் கவனம் தேவை. மைக்செட் கடைகளில் ஒரு முனையில் எக்ஸ்எல்ஆரும் மறுமுனையில் தடித்த மோனோ பின்னும் உள்ள வயரைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். அது ஆம்ப்ளிஃபயருக்கானது. அதன் வழியாக ஃபேன்டம் பவர் மைக்குக்குப் போகாது. இரு முனையிலும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

அறையில் ஒரே எதிரொலி. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினால் போகுமா? இல்லை, ஃபோம் ஷீட் வாங்கட்டுமா? அறை 10-க்கு 10.
– வாசகர், புதுச்சேரி

முட்டை அட்டை வேண்டவே வேண்டாம். ஒலியை விழுங்க அதில் கனமும் இல்லை, அடர்த்தியும் இல்லை. தீப்பிடித்தால் ஆபத்து வேறு. ஒரு அங்குல ஃபோம் உச்ச ஒலிகளை மட்டும் விழுங்கும். ‘ச’வின் கூர்மை குறையும், குரலின் நடுப்பகுதியில் இருக்கும் டப்பாத்தனம் அப்படியே நிற்கும். முன்பைவிட மோசமாகக் கேட்கிறதே என்று பலர் குழம்புவது இதனால்தான்.

உங்கள் அறையில் இன்னொரு சிக்கல். நீளம் 10 அடி, அகலம் 10 அடி. கூரையும் 10 அடி உயரத்தில் இருக்க நிறைய வாய்ப்பு. அப்படியானால் மூன்று திசையிலும் ஒரே அலைவரிசைகள் பெருகும்: சுமார் 56, 112, 169 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் கீழ் ஸ்வரங்கள் இந்த இடத்தில்தான் இருக்கின்றன. சில ஸ்வரங்கள் மட்டும் திடீரென்று வீங்கிக் கேட்பது இதனால்தான். அறையின் நட்டநடுவிலும் மூலையிலும் நிற்காதீர்கள். ஒரு சுவரிலிருந்து மூன்றரை அடி தள்ளி, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நின்று பாடிப் பாருங்கள். பிறகு அரை அடி அரை அடியாக நகர்ந்து, எங்கே குரல் சமனாக இருக்கிறதோ அங்கே தரையில் சாக்பீஸால் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பலரும் தலைகீழாகச் செய்வது. மைக்குக்குப் பின்னால்தான் பஞ்சு வைக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். கார்டியாய்ட் மைக் முன்பக்கம் கேட்கும், பின்பக்கம் கேட்காது. அதன் முன்பக்கம் எதைப் பார்க்கிறது? உங்கள் முகத்தையும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் பதிவைக் கெடுக்கிறது. ஆகவே முதல் மெத்தை உங்கள் முதுகுப் பக்கம். நான்கு அங்குல இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிமிர்த்தி வையுங்கள். இருபுறமும் கொடியில் கனமான ரஜாய் அல்லது கம்பளியை இரண்டாக மடித்துப் போடுங்கள். தரையில் டைல்ஸ் என்றால் ஜமுக்காளம். இதுவே முக்கால்வாசி எதிரொலியைக் கொன்றுவிடும். துணி நிறைந்த மரஅலமாரியைத் திறந்து வைப்பதும் உதவும். ஸ்டீல் பீரோ எதிர்மாறு: உரக்கப் பாடினால் அதன் கதவு அதிர்ந்து பதிவில் கேட்கும்.

நிரந்தரமாகச் செய்ய எண்ணினால் 50 மில்லிமீட்டர் கனம், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (கல்லிழைப் பஞ்சு) பலகைகளை வாங்கி மரச்சட்டத்தில் பொருத்துங்கள். இரண்டடிக்கு நான்கடியில் நான்கு போதும். வாயால் ஊதினால் காற்று ஊடுருவும் துணியால் முழுவதும் மூடுங்கள், சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டுங்கள். வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் அவசியம். அந்த இழை தோலிலும் மூச்சிலும் போகக் கூடாது.

இவை எதுவும் வெளிச்சத்தத்தைத் தடுக்காது. அறைக்குள் எழும் எதிரொலியை மட்டுமே அடக்கும். மின்விசிறி, ஏசி இரண்டையும் நிறுத்தித்தான் பதிய வேண்டும். ஒரு டேக் (ஒரு முறை பாடிப் பதிவது) மூன்று நான்கு நிமிடம். முடிந்ததும் விசிறியைப் போட்டு ஆறிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பாடத் தொடங்கும் முன் பத்து விநாடி மௌனத்தைப் பதியுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு அந்த மௌனம்தான் மாதிரி. 6 முதல் 10 டெசிபலுக்கு மேல் நீக்கினால் குரல் தண்ணீருக்குள் இருப்பது போலாகிவிடும்.

கர்நாடக இசை பயில்கிறேன். கீழ் ஸ்தாயியில் பாடினால் கேட்கவில்லை, மேலே போனால் கரகரவென்று உடைகிறது. சுருதிப்பெட்டிச் சத்தமும் மைக்கில் ஏறுகிறது. ஆட்டோட்யூன் போடலாமா?
– மாணவி, தஞ்சாவூர்

‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ சொல்லி லெவல் வைத்திருப்பீர்கள். உங்கள் உருப்படியிலேயே மிக உச்சத்தில் நிற்கும் சங்கதியை, கச்சேரியில் பாடுகிற வேகத்திலேயே பாடி லெவல் வையுங்கள். அந்த உச்சி திரையில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது (0-தான் ஒலி உடையும் எல்லை). சாதாரணமாகப் பாடும் இடம் மைனஸ் 18 பக்கம் நிற்கட்டும். திரையில் சின்னதாகத் தெரிகிறதே என்று பயந்து ஏற்றாதீர்கள். உடைந்த ஒலியை எவராலும் ஒட்டவைக்க முடியாது. மெதுவாகப் பதிந்ததை ஏற்றலாம்.

தூரம் உங்களுக்கு ஒரு சாணைவிடச் சற்று அதிகம், 25 முதல் 30 சென்டிமீட்டர். இவ்வளவு நெருக்கமாக இல்லாதபோது தலை அசைந்தாலும் அளவு அதிகம் மாறாது, மந்தர ஸ்தாயியும் செயற்கையாகப் பெருக்காது. தூரம் கூடுவதால் அறையின் எதிரொலி அதிகம் ஏறும். மேலே சொன்ன மெத்தை உங்களுக்கு இரட்டிப்பு அவசியம்.

சுருதியை ஹெட்போனில் கேளுங்கள். தன் குரல் காதில் விழ ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடுவது பலருக்கும் வசதி. அப்படியானால் சுருதியை மூடிய காதுப் பக்கம் மட்டும் அனுப்புங்கள். திறந்த கிண்ணம் வழியாகத்தான் அது மைக்குக்குக் கசிகிறது. முடிவில் அதே தம்பூராவைச் சேர்க்கப் போகிறோமே, கசிந்தால் என்ன என்று விடாதீர்கள். இரண்டு டேக்குகளை வெட்டி ஒட்டும் இடத்தில் தம்பூரா துள்ளுவது பளிச்சென்று கேட்கும்.

ஆட்டோட்யூன் கூடாது. அது குரலைப் பன்னிரண்டு நிலையான ஸ்வரங்களில் ஒன்றுக்குப் பிடித்திழுக்கும். தோடியின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்பதா என்ன? அசைவுதானே அதன் உருவம். அந்த அசைவைப் பிழையென்று எண்ணி மென்பொருள் அறுத்துவிடும். ஒரு வரியில் சுருதி விலகினால் அந்த வரியை மறுபடி பாடிப் பதியுங்கள்.

பாடும்போது என் குரல் ஹெட்போனில் தாமதமாக, இரண்டிரண்டாகக் கேட்கிறது. தாளம் தப்புகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

ப்ளூடூத் ஹெட்போனா? அப்படியானால் வேறு எதையும் தேட வேண்டாம், வயருள்ளதற்கு மாறுங்கள். வயருள்ளதுதான் என்றால் நீங்கள் குரலை இரண்டு வழியில் கேட்கிறீர்கள்: இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர் வழியாக ஒன்று, கணினிக்குள் போய்த் திரும்பி வருவது இன்னொன்று. பதிவு மென்பொருளில் உங்கள் குரல் பதியும் ட்ராக்கின் மானிட்டரை அணையுங்கள்.

கணினி வழியாகவே, ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) சேர்த்துக் கேட்க ஆசையென்றால் பஃபரை, அதாவது கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் தொகுதியை, குறைக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பஃபர் ஒரு வழிக்கு 21 மில்லி விநாடி; போக வர இரட்டிப்பு. 128 வைத்தால் ஒரு வழிக்கு 2.7. விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும், இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் ஏஎஸ்ஐஓ டிரைவரை நிறுவினால்தான் இவ்வளவு குறைக்க முடியும். பதிவு மென்பொருள்களில் ஆடாசிட்டி இலவசம், ஆனால் தரவிறக்கிய நிலையில் அதன் பழைய பதிப்புகளில் ஏஎஸ்ஐஓ இல்லை. ரீப்பரை 60 நாள் முழு வசதிகளோடு சோதித்துப் பார்க்கலாம். மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் போதும்.

லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டால் ‘ம்ம்ம்’ என்று சத்தம். மைக்கைத் தொட்டால் சிலிர்க்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் எர்த் சரியில்லை. மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் அடாப்டரில் சொருகியிருக்கிறீர்களா என்று பார்த்து, நேரடியாக எர்த் உள்ள பிளக்கில் போடுங்கள். அதன் பிறகும் சிலிர்த்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது வரை பேட்டரியில் மட்டும் பதியுங்கள். சத்தம் போக எர்த் பின்னை உடைத்துவிடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து. பேட்டரியிலும் ‘ம்ம்’ தொடர்ந்தால் அந்த அறையின் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரை அணைத்துப் பாருங்கள், மைக் கேபிளைச் சார்ஜர் வயரிலிருந்து விலக்குங்கள்.

நீங்கள் இருப்பது கடலோரம் என்பதால் இன்னொன்று. கண்டென்சர் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டு வைக்காதீர்கள். ஈரம் ஏறினால் படபடவென்று பொரிவது போலச் சத்தம் வரும். வேலை முடிந்ததும் ஃபேன்டம் பவரை அணைத்து, கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.