கடலோர ஈரக்காற்றில் கேமராவைப் பாதுகாப்பது எப்படி?

குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையில் படமெடுத்து வந்தபின் கேமராவை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் காற்றூதியால் மணலை அகற்றிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த மெல்லிய துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள். உலர்ந்த துணி உப்பைக் கரைக்காது.

ஆனால் உப்பைவிட நான் அதிகம் அஞ்சுவது பூஞ்சைக்குத்தான். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் குமரி மாவட்டத்தில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி உயர்ந்தே இருப்பதால், பைக்குள்ளேயே பல வாரங்கள் மூடிக்கிடக்கும் லென்சின் உள்ளே பூஞ்சை படர்ந்து, அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை நிரந்தரமாக அரித்துவிடக்கூடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லையும் சிறிய ஈரப்பதமானியையும் இட்டு, உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். தோல் உறை ஈரத்தை உறிஞ்சித் தேக்கும் என்பதால், அதைத் தயவுசெய்து அந்த டப்பாவுக்குள் வைக்காதீர்கள்.