இரண்டாவது பற்றரி என்ன விலை?

2022இல் கியூஆர் அட்டையோடு பெற்றோல் வரிசையில் நின்றதை நம் ஊரில் ஒருவரும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியதும் மின்சார பைக் பற்றிய கேள்விகளும் வரத் தொடங்கின. எல்லாக் கடிதத்திலும் பைக்கின் விலை இருக்கிறது. பற்றரி செத்தால் புதிய செட் என்ன விலை என்று ஒரு கடிதத்திலும் இல்லை. மலிவு பைக்கில் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: கல்லடியில் இருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்துக்கு மண்முனைப் பாலத்தால் போய்வர 34 கிலோமீற்றர் வரும். 60 வோல்ட், 20 அம்பியர் பைக் ஒன்று பார்த்தேன். ஒரு சார்ஜில் 80 கிலோமீற்றர் ஓடும் என்கிறார்கள். விலையும் கைக்கு அடக்கம். வாங்கலாமா? (ஆசிரியை, கல்லடி)

டீச்சர், அந்த 80ஐ மறந்துவிடுங்கள். மெலிந்த ஒருவர், காற்றில்லாத நேரத்தில், சைக்கிள் வேகத்தில் ஓட்டினால் வரும் கணக்கு அது. நம் கணக்கை நாமே போடலாம். 20 அம்பியர் என்று கடையில் சொல்வது 20 அம்பியர் மணி. 60ஐ 20ஆல் பெருக்கினால் 1200 வாட் மணி, பற்றரி கொள்ளும் மின்சாரம் அவ்வளவுதான். இப்படியான பைக் ஒரு ஆளோடு சாதாரண வேகத்தில் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 30 வாட் மணி தின்னும். அப்படியென்றால் 40 கிலோமீற்றர். நம் பக்கம் மேடு பள்ளம் இல்லாதது நல்லது. ஆனால் வைகாசி, ஆனி மாதங்களில் மேற்கில் இருந்து கச்சான் காற்று முகத்தில் அடிக்கும்போது வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைப் பக்கம் ஓடிப் பாருங்கள், அந்த 40உம் குறையும். பின்னால் ஒருவரை ஏற்றினாலும் அப்படியே.

40 ஓடும், எனக்கு 34 தானே தேவை என்று நினைப்பீர்கள். பிடி அங்கேதான் இருக்கிறது. மலிவு பைக்கில் வருவது பெரும்பாலும் ஈயப் பற்றரி. அதை ஒவ்வொரு நாளும் அடிவரை வடித்தால் 300 முதல் 500 சார்ஜுக்குள் களைத்துவிடும். நீங்கள் தினமும் எண்பது வீதத்துக்கு மேல் வடிப்பீர்கள். பள்ளிக்கூட நாள் வருடத்துக்கு ஏறக்குறைய 200 என்று வைத்தால், ஒன்றரை வருடம் தாண்டும்போது வீடு திரும்பும் வழியில் மண்முனைப் பாலத்தடியில் பைக் முனகத் தொடங்கும். அதே பற்றரியைப் பாதிவரைக்கும் மட்டும் வடித்தால் இரண்டு மடங்குக்கு மேல் உழைக்கும்.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. அதிபரிடம் அனுமதி கேட்டு பள்ளிக்கூடத்தில் சார்ஜ் போடுங்கள். போகும்போது செலவான 17 கிலோமீற்றரை அந்த ஐந்தாறு மணித்தியாலத்தில் சாதாரண சார்ஜரே நிரப்பிவிடும், மின்கட்டணத்துக்கு ஏதும் கொடுத்துவிடலாம். அது சரிவராவிட்டால் லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி உள்ள பைக்கைப் பாருங்கள். வாங்கும்போது விலை கூடத்தான், ஆனால் 2000 சார்ஜ் அளவுக்குத் தாங்கும் வகை அது. கடைக்காரரிடம் ஈயப் பற்றரி செட்டின் இன்றைய விலையைக் கேட்டு, அதைப் பைக் விலையோடு இரண்டு தடவை கூட்டிப் பாருங்கள். எது மலிவு என்று அப்போது தெரியும். நான் என்றால் அந்த 20 அம்பியர் பைக்கை இந்தத் தூரத்துக்கு வாங்கமாட்டேன். கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் இடையில் ஓட என்றால் தாராளமாக வாங்கலாம்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். மகளுக்கு வாங்கப் போனேன். ஒரு கடையில் "கிராஃபீன் பற்றரி, லித்தியத்தை விடத் திறம்" என்கிறார்கள். உண்மையா? (சம்மாந்துறை)

வஅலைக்கும் ஸலாம் காக்கா. இந்த பைக்குகளில் கிராஃபீன் என்று விற்பது ஈயப் பற்றரிதான், தகட்டில் கொஞ்சம் சேர்மானம் போட்டிருப்பார்கள். சாதாரண ஈயத்தை விடக் கொஞ்சம் கூட உழைக்கலாம். லித்தியத்துக்குக் கிட்ட வராது. சந்தேகம் என்றால் பெட்டியைத் திறந்து தூக்கிப் பார்க்கக் கேளுங்கள். 12 வோல்ட் 20 அம்பியர் ஈயப் பற்றரி ஒன்று 6, 7 கிலோ வரும், ஐந்து சேர்ந்தால் 30 கிலோவைத் தாண்டும். அதே அளவு லித்தியம் என்றால் உங்கள் மகளே ஒற்றைக் கையால் தூக்குவா.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லி வையுங்கள். ஈயத்தின் சார்ஜரை லித்தியத்துக்குப் போடக்கூடாது. பிளக் ஒரே மாதிரி இருக்கும், பெட்டியில் 60 வோல்ட் என்றும் எழுதியிருக்கும். ஆனால் 60 வோல்ட் ஈயச் சார்ஜர் 73 வோல்ட் அளவுக்கு ஏற்றும். லித்தியத்தில் சில வகை 67 வோல்டிலேயே நிரம்பிவிடும். அதற்கு மேல் ஏற்றினால் தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது. சார்ஜர் பழுதானால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கவேண்டாம்.

கேள்வி: இரவு முழுக்க சார்ஜில் விடலாமா? கரண்ட் பில் எவ்வளவு கூடும்? (ஏறாவூர்)

விடவேண்டாம். பச்சை வெளிச்சம் வந்தாலும் மலிவுச் சார்ஜர்கள் எல்லாம் முழுதாக நிறுத்துவதில்லை. ஈயப் பற்றரி சூடேறி உள்ளே ஈரம் காய்ந்து வயிறு ஊதும். ஓடி வந்த சூட்டோடு போடாமல் அரை மணித்தியாலம் ஆறவிட்டு, பின்னேரம் போட்டு, படுக்கும் முன் கழற்றுங்கள். தகரக் கூரைக்குக் கீழே பகலில் சார்ஜ் போடுவது பற்றரியை அவிப்பதற்குச் சமம். பல பிளக் ஒன்றாகத் தொங்கும் வயரில் போடாமல் நேரே சுவரில் போடுங்கள். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று ஒரு தடவை அமத்திப் பாருங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கினால் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

பில் விசயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தினம் 30 கிலோமீற்றர் ஓடினால், சார்ஜரில் சூடாகப் போவதையும் சேர்த்து ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட. மாதம் 25 நாள் என்றால் 30 யூனிட் அளவு. பெற்றோலோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை. ஆனால் வீட்டு மின்கட்டணத்தில் 60 யூனிட் ஒரு வரம்பு. அதைத் தாண்டினால் முதல் 60க்கும் வேறு விலை, நிலையான கட்டணமும் கூட. இப்போது மாதம் 45 யூனிட் எரிக்கும் வீடு பைக் வந்ததும் 75க்குப் போய்விடும், பில்லும் யூனிட்டை விட வேகமாக ஏறும். உங்கள் பழைய பில் ஒன்றை எடுத்து முதலில் யூனிட்டைப் பாருங்கள்.

கேள்வி: மீன் வியாபாரம். பின்னால் ஐஸ் பெட்டி கட்டி ஓடலாமா? (வாழைச்சேனை)

பாரத்தை விட உப்புத் தண்ணிதான் எதிரி. பெட்டியில் இருந்து வடியும் தண்ணி சீற்றுக்குக் கீழே உள்ள, மோட்டரை இயக்கும் கொன்ட்ரோலரிலும் வயர் மூட்டுகளிலும் பட்டால் சில மாதத்தில் பச்சை பூத்துவிடும். பெட்டியின் துளைக்குக் குழாய் போட்டு தண்ணியை சில்லுக்குப் பின்னால் இறக்குங்கள். கழுவும்போது பிரஷர் பம்பால் அடிக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். பெட்டி 50 கிலோவைத் தாண்டுமென்றால் உங்களுக்கு இந்த மலிவு பைக் சரிவராது அண்ணன்.

கேள்வி: மாரியில் எங்கள் றோட்டில் முழங்கால் தண்ணி நிற்கும். பைக்கில் ஐபி 67 என்று போட்டிருக்கிறது. இறக்கலாமா? (வவுணதீவு)

ஐபி 67 என்பது ஒரு மீற்றர் நல்ல தண்ணியில் அரை மணித்தியாலம் அசையாமல் கிடந்தால் உள்ளே ஏறாது என்ற சோதனை. அதுவும் எந்தப் பாகத்துக்கு என்று பாருங்கள், பல பைக்கில் மோட்டருக்கு மட்டும்தான். பற்றரிப் பெட்டிக்கும் சார்ஜ் போடும் வாய்க்கும் அது பொருந்தாது. மோட்டர் பின் சில்லுக்குள் இருக்கிறது, வயர் அச்சுக்குள்ளால் போகிறது. தண்ணி அச்சைத் தொட்டால் இறங்கித் தள்ளுங்கள். 2024 நவம்பரில் வந்த மாதிரி வெள்ளம் வருமென்று அறிவித்தால் பற்றரியைக் கழற்றி மேசைக்கு மேல் ஏற்றிவிடுங்கள்.

தண்ணிக்குள் கிடந்த பைக்கை உடனே சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். தண்ணி குடித்த லித்தியம் பற்றரி சில நாள் கழித்தும் பற்றலாம். அதை வீட்டுக்கு வெளியே தள்ளி வைத்து, விற்ற கடைக்கு அறிவியுங்கள். பைக் திருத்தும் பாஸிடம் கொடுத்துத் திறக்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு வருடம் ஓடிய பைக் பாதி விலைக்கு வருகிறது. "ஒரு பற்றரி மட்டும் வீக், அதை மாற்றினால் சரி" என்கிறார். (அக்கரைப்பற்று)

தம்பி, 60 வோல்ட் பைக் என்றால் உள்ளே இருக்கும் ஐந்து பற்றரியும் சங்கிலியாகத் தொடுத்தவை. பழைய நாலுக்குள் புதிது ஒன்றைப் போட்டால் ஒன்று நிரம்ப முன் மற்றது நிரம்பும், ஒன்று வடிய முன் மற்றது வடியும். சீக்கிரம் எல்லாம் ஒன்றாகப் படுக்கும். மாற்றினால் செட்டாகத்தான் மாற்றவேண்டும்.

பார்க்கப் போகும்போது மல்டிமீற்றர் ஒன்றைக் கொண்டு போங்கள். முழுச் சார்ஜ் ஏற்றி சில மணித்தியாலம் ஆறிய பிறகு ஒவ்வொரு ஈயப் பற்றரியும் 12.8 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. பிறகு பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடிவந்து திரும்ப அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றை விட அரை வோல்ட் கீழே நின்றால் புதிய செட்டின் முழு விலையையும் கழித்துத்தான் பேரம். பழைய ஈயத்துக்கு நிறுத்து வாங்கும் கடைகளில் காசு உண்டு, அதை அவருக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். நம்பர் பிளேட், பதிவுப் புத்தகம் இரண்டும் இல்லாத பைக் என்றால் அளக்கவே தேவையில்லை, விட்டுவிட்டு வாருங்கள். பதியாத வாகனத்துக்குக் காப்புறுதி கிடையாது, மோதினால் முழுச் செலவும் உங்கள் தலையில்.

கேள்வி: புது பைக் வாங்கி இரண்டரை மாதம். 50 ஓடும் என்று எழுதித் தந்தார்கள், 22 கிலோமீற்றரிலேயே நிற்கிறது. கடையில் "பற்றரிக்கு வாரண்டி இல்லை, மோட்டருக்குத்தான்" என்கிறார்கள். (கல்முனை)

எழுதித் தந்த தாள் கையில் இருப்பது பெரிய விசயம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபைக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும். பழுது தெரிந்த நாளில் இருந்தல்ல, வாங்கிய நாளில் இருந்து. உங்களுக்கு இருப்பது இரண்டு கிழமை. கடைக்காரர் "அடுத்த மாதம் கம்பனியில் இருந்து ஆள் வருவார்" என்று சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு, அன்றைக்கே அதிகார சபைக்குக் கடிதத்தையும் கொடுங்கள்.

அதிகார சபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் எங்கே, எப்படிக் கொடுப்பது என்று சொல்வார்கள். பற்றுச்சீட்டின் பிரதி, 50 கிலோமீற்றர் என்று எழுதிய தாள், சேசிஸ் இலக்கம், பற்றரியில் ஒட்டியுள்ள இலக்கத்தின் படம் ஆகியவற்றை இணையுங்கள். முழுச் சார்ஜில் கிளம்பும்போதும் நிற்கும்போதும் மீற்றரைப் படம் எடுத்து, தொடர்ந்து மூன்று நாள் அப்படிச் செய்து அதையும் வையுங்கள். கடிதத்தில் கோபத்தைக் கொட்டாமல், பற்றரி செட்டை மாற்றித் தரவேண்டும் அல்லது காசைத் திருப்பித் தரவேண்டும் என்று ஒரு வரியில் கேளுங்கள். பிரதி ஒன்றில் திகதியோடு ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.