பத்மினிக்குப் பெரிய கார்புரேட்டர் போட்டும் இழுவை குறைகிறது: பதில்

உங்கள் பிரீமியர் பத்மினி காரில் பழைய கார்புரேட்டரையே (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கருவி) திரும்ப மாட்டிவிடுங்கள். பெரியது போட்ட பிறகு மிதித்தால் திணறுகிறது, பிளக்கில் கரி பிடிக்கிறது என்கிறீர்களே, 1089 சிசி இன்ஜினுக்கு அது அதிகம். வாய் அகலமானால் குறைந்த வேகத்தில் காற்று மந்தமாகி, பெட்ரோல் சரியாகக் கலக்காது.

முன்பிருந்தே இழுவை இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் டிஸ்ட்ரிபியூட்டர் மேல்தான், பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் பிரித்துக் கொடுப்பது அதுதான். உள்ளே இருக்கும் எடைகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால், வேகம் ஏறினாலும் டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், முன்னேறாது, கார் கட்டைவண்டி மாதிரி ஆகிவிடும். மூடியைக் கழற்றி, ரோட்டரை அது சுற்றும் திசையில் லேசாகத் திருகி விட்டுப் பாருங்கள், தானே திரும்பி வரவேண்டும். வராவிட்டால் சுத்தம் செய்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், செலவே இல்லை.

அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் கொடுக்கும் அழுத்தம். சூடான இன்ஜினில் நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி அளக்கவேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) இழைக்கலாம் என்று காரைக்குடி லேத்காரர் சொன்னது தப்பில்லை, கம்ப்ரஷன் ஏறி சக்தி கூடும். ஆனால் ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாமல் அதில் இறங்காதீர்கள், சித்திரை வெயிலில் தேவகோட்டை ரோட்டில் நாக் (பெட்ரோல் தாறுமாறாக எரிந்து இன்ஜின் தட்டுவது) அடிக்க ஆரம்பித்தால் பிஸ்டன் போய்விடும். வேறு கார் இன்ஜினை வைக்கும் யோசனை இருந்தால் முதலில் ஆர்டிஓ அனுமதி வாங்குங்கள்.