இரண்டே நாளில் சுகமாக்கும் மருந்துதான் என் கவலை

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "மகனுக்கு எட்டு வயது. விடிய எழும்பினால் பத்துப் பதினைந்து தும்மல். கண் கடிக்குது என்று கசக்கிக்கொண்டே இருப்பான். முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் சொறி. பாமசியில் தந்த கிறீமும் கண்துளியும் போட்டால் இரண்டு நாளில் சுகம், விட்டால் திரும்ப வருகிறது. ஐந்து மாதமாக இப்படித்தான். இப்போது ஒருவர் வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்து, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று சோதித்துத் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா?"

செய்ய வேண்டாம். அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள்.

இப்படி வீடு தேடி வருகிறவர்கள் விற்பது பெரும்பாலும் இரத்தத்திலுள்ள ஐ.ஜி.ஜி. என்ற புரதத்தை அளக்கும் சோதனை. நாம் வழக்கமாகச் சாப்பிடுகிற எதற்கும் இரத்தத்தில் அந்தப் புரதம் கூடித்தான் இருக்கும். அது ஒவ்வாமைக்கு அடையாளமே இல்லை. என்னிடம் வந்த ஒரு சிறுமியின் அறிக்கையில் முட்டை, பால், இறால், கத்தரிக்காய், கோதுமை எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு. மாதக்கணக்கில் சோறும் பருப்பும் மட்டும் தின்று, சட்டை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தாள். சொறி மட்டும் அப்படியே இருந்தது.

உங்கள் மகனின் தும்மல் விடியவில் வருகிறது. எனவே முதல் சந்தேகம் சாப்பாட்டில் இல்லை, படுக்கையில். மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணிகள் வாழ்கின்றன. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அவற்றுக்குச் சாப்பாடு. வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் உங்கள் ஊரின் ஈரக்காற்று அவற்றுக்கு நன்றாகப் பிடிக்கும். பழைய இலவம்பஞ்சுத் தலையணையை வீசிவிடுங்கள். விரிப்பையும் உறையையும் கிழமைக்கொருமுறை நல்ல சுடுதண்ணீரில், 60 பாகை அளவில், ஊறவைத்துத் துவையுங்கள். அவன் படுக்கும் அறையில் நுளம்புத்திரியும் சாம்பிராணியும் வேண்டாம்.

"சூரை மீன் தின்றால் முகம் சிவந்து கடிக்குதே, அது கிரந்தி, ஒவ்வாமை இல்லையா?" என்று கேட்பீர்கள். இதை விளக்கத்தான் வேண்டும். சூரையை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் அதன் தசையில் ஹிஸ்டமின் என்ற இரசாயனம் உண்டாகிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. தின்று சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பு கடிக்கும். ஒரே சட்டியில் தின்ற பலருக்கும் வந்தால், கெட்டது மீன். பிள்ளையின் உடம்பில் பிழையில்லை. நல்ல சூரையை அடுத்த கிழமை அவன் தின்னலாம். மீன் எதுவென்றாலும் ஒவ்வொரு முறையும் அவனுக்கு மட்டும் வருகிறதென்றால் அது வேறு கதை, வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இனி அந்தக் கண்துளி. போத்தலில் டெக்ஸாமெதசோன், பீற்றாமெதசோன், பிரெட்னிசொலோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீரொயிட். கடி நிற்கும். ஆனால் மாதக்கணக்கில் போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம், நோவே இருக்காது. அதனால் போன பார்வை திரும்பாது. வைத்தியரின் துண்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து இது. 2015 இல் மருந்து ஒழுங்குபடுத்தலுக்கென்றே ஒரு சட்டமும் வந்தது. ஆனாலும் பெயர் எழுதாத சிறு கடதாசி உறையில் "காலை 1, இரவு 1" என்று மட்டும் கிறுக்கிக் குளிசை கொடுக்கிறார்கள், கேட்பார் இல்லை. ஆஸ்பத்திரியின் ஓ.பி.டி. (வெளிநோயாளர்) வரிசையில் அரை நாள் நின்று வைத்தியரை இரண்டு நிமிடம் பார்க்கிற நிலையில், தாய்மார் பாமசிக்குப் போவதை நான் குற்றம் சொல்லவே மாட்டேன்.

கிறீமும் பெரும்பாலும் அதே குடும்பம்தான். வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நாளுக்கு, சிவந்த இடத்தில் மட்டும் பூசினால் அது நல்ல மருந்து. பூஞ்சண மருந்தும் சேர்த்துக் கலந்த கிறீமை வாங்காதீர்கள், முகத்தில் பூசவே வேண்டாம். குளித்து ஈரம் காயுமுன் வாசலின் தடவுங்கள். கண் கடித்தால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள். பிரிட்டோன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசை வகுப்பில் நித்திரையாக்கும். செட்ரிசின் அவ்வளவு ஆக்காது, வயதுக்குரிய அளவைக் கேட்டு வாங்குங்கள். மூக்குக்கு விசிறும் மருந்தை வைத்தியர் எழுதித் தந்தால், இரண்டு கிழமையாவது தினமும் அடித்துவிட்டுத்தான் சரிவரவில்லை என்று சொல்ல வேண்டும்.

உதடு வீங்கி மூச்சு இழுத்தால் எதற்கும் காத்திராமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

இந்தக் கிழமையே கண் கிளினிக்குக்குப் போங்கள். துளிமருந்துப் போத்தலையும் கிறீம் குழாயையும் கையோடு கொண்டுபோங்கள். ஏசுவார்களோ என்று பயந்து மறைக்காமல், ஐந்து மாதம் போட்டோம் என்று சொல்லி, கண்ணின் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.