ஹெட் மாற்றியும் தண்ணீர் குறைகிறது, இன்ஜினையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்களிடம் 2006 மாருதி 800 இருக்கிறது. உளுந்தூர்பேட்டை தாண்டி வரும்போது ஹீட் ஏறி நின்றுவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) வளைந்துவிட்டது என்று சொல்லி, புதுப்பேட்டையில் பழைய ஹெட் வாங்கி, புது கேஸ்கெட்டோடு (ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) மாட்டி 18,000 ரூபாய் வாங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, கீழே எங்கும் ஒழுகவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் மிஸ்ஸிங் அடித்து வெள்ளைப் புகை வருகிறது, இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. இப்போது மெக்கானிக் “பிளாக் போயிடுச்சு, இன்ஜினை மாத்திடுங்க” என்கிறார். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். எங்கே கசிகிறது என்று அவர் உங்கள் கண்ணுக்குக் காட்டாத வரைக்கும் இன்ஜினுக்கு ஒரு ரூபாய்கூட கொடுக்காதீர்கள். ராத்திரி வண்டி நிற்கும்போது ஏதோ ஒரு சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது, அதுதான் காலையில் மிஸ்ஸிங்காகவும் புகையாகவும் வெளியே வருகிறது. பிளாக்கில் (ஹெட்டுக்குக் கீழே, சிலிண்டர்கள் இருக்கும் பாகம்) கிராக் இருந்தாலும் இப்படி ஆகும்தான், ஆனால் நேற்று மாட்டிய பழைய ஹெட்டை விட்டுவிட்டு நேராக பிளாக் மேல் பழி போடுவது சரியில்லை.

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் மூன்று பிளக்கையும் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு பிளக் காய்ந்து பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல வெளுத்தோ ஈரமாகவோ இருந்தால், அந்த சிலிண்டர்தான். அப்புறம் பிளக்கை மாட்டி, இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள் (சூடான பிறகு அந்த மூடியைத் தொடவே கூடாது, முகம் வெந்துவிடும்). ஹெட் வேலை முடிந்த புதிதில் உள்ளே சிக்கிய காற்று கொஞ்சம் குமிழி விடும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நிற்காமல் வந்து, ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க அதிகமானால், எரிந்த கேஸ் தண்ணீருக்குள் போகிறது என்று அர்த்தம்.

அது உறுதியானால் ஹெட்டை மறுபடி இறக்கத்தான் வேண்டும். இறக்கியதும் லேத்தில் பிரஷர் டெஸ்ட் (அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். ஹீட் ஏறிய அலுமினிய ஹெட்டில் இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவே முடி மாதிரி கிராக் இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. பழைய ஹெட்டை இந்த டெஸ்ட் இல்லாமல் மாட்டவே கூடாது, உங்கள் ஹெட்டுக்குச் செய்தார்களா என்று முதலில் கேளுங்கள். அடுத்தது, ஹெட்டின் அடிப்பக்கத்தில் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேரான பட்டை) வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் (அளவு குறித்த மெல்லிய தகடு) விட்டுப் பார்ப்பது: 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நுழைந்தால் ஃபேசிங் போட (அந்தத் தளத்தைச் சீவிச் சமமாக்க) வேண்டும். பிளாக்கின் மேல்தளத்தையும் அதே மாதிரி பார்க்க வேண்டும், இதைத்தான் பல பேர் விட்டுவிடுகிறார்கள். போல்ட் ஓட்டைகளையும் கவனியுங்கள். அடியில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் போல்ட் முழுசாக இறங்காது, டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பேனர்) மட்டும் சரியான அளவைக் காட்டும், கேஸ்கெட் சரியாக அமுங்காது. காற்றடித்துக் காய வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் இல்லாமல் படிப்படியாக முறுக்க வேண்டும்.

முதலில் ஏன் ஹீட் ஆனது என்று யாராவது பார்த்தார்களா? ஃபேன், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்ப தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு), அடைத்த ரேடியேட்டர், இதில் எதுவோ அப்படியே இருந்தால் எத்தனை ஹெட் போட்டாலும் போகும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தால் புதிது போடுங்கள், வெறும் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் ஊற்றுங்கள். லீக் அடைக்கும் பவுடரைப் போடவே போடாதீர்கள், ரேடியேட்டரும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

ஹெட்டிலோ மாட்டியதிலோ கோளாறு என்று தெரிந்தால் மறுவேலைக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. 18,000 ரூபாய்க்கு என்னென்ன செய்தார்கள் என்று எழுதிய பில்லையும், கழற்றிய பழைய ஹெட்டையும் கேட்டு வாங்குங்கள், லேத் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து வையுங்கள். பேசிப் பார்த்தும் மசியவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதற்கும் சரிப்படவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும்.