வாசகர் கேள்விகள்: மங்கோலியர் பேச்சில் தங்கிய தெய்வங்கள்

'கான்' என்று பெயர் முடிவதால் செங்கிஸ்கானை இஸ்லாமியர் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். அது சரிதானா? – கும்பகோணம் வாசகர்

சரியன்று. 'கான்' என்பது மத்திய ஆசியப் புல்வெளிக் குலங்கள் தம் தலைவனுக்குச் சூட்டிய பட்டம். அதற்கும் சமயத்துக்கும் தொடர்பில்லை. அக்குலங்களில் பல பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவின. அவர்களின் வழிவந்தோர் இந்தியாவை ஆள வந்தபோது பட்டமும் உடன் வந்து, நாளடைவில் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. 1206-இல் செங்கிஸ்கான் என்று பட்டம் சூடிய தெமுஜின் வணங்கியதோ 'மோங்கெ தெங்கிரி' எனப்பட்ட நித்திய வானத்தை. பகைவரிடமிருந்து உயிர் தப்பிய நாளில் அவர் இடைக்கச்சையைக் கழுத்தில் மாட்டி, தொப்பியைக் கழற்றி, புர்கான் கல்தூன் மலையில் சூரியனை நோக்கி ஒன்பது முறை மண்டியிட்டு வணங்கியதாக மங்கோலியரின் பழைய வரலாற்று நூல் கூறுகிறது.

அவருடைய குடும்பத்திலேயே பல சமயங்கள் இருந்தன. மருமகள் சொர்கக்தானி கீழைத் திருச்சபையைச் சேர்ந்த கிறித்தவர். சொர்கக்தானியின் மகன் குப்ளாய் திபெத்திய பௌத்தத் துறவி பக்பாவைக் குருவாக ஏற்றார். பாரசீகத்தை ஆண்ட வழித்தோன்றல் கஸான் 1295-இல் இஸ்லாத்தைத் தழுவினார்.

தலாய் லாமா திபெத்தியர். ஆனால் 'தலாய்' மங்கோலியச் சொல் என்கிறார்களே? – கோவை வாசகி

உண்மைதான். 'தலாய்' என்றால் மங்கோலிய மொழியில் கடல். துமெத் மங்கோலியரின் தலைவரான அல்தான் கான் 1578-இல் கோக்கநோர் ஏரியை அடுத்த பகுதியில் திபெத்தியத் துறவி சோனம் கியாட்சோவைச் சந்தித்தபோது, அவர் பெயரிலுள்ள 'கியாட்சோ' என்ற கடலைக் குறிக்கும் சொல்லையே தம் மொழியில் பெயர்த்துப் பட்டமாக வழங்கினார். அவருக்கு முற்பட்ட இருவருக்கும் அப்பட்டத்தைப் பின்னர் ஏற்றிச் சொன்னதால் அவர் மூன்றாம் தலாய் லாமா ஆனார். நான்காமவரோ மங்கோலியர், 1589-இல் அல்தான் கானின் கொள்ளுப்பேரனாகப் பிறந்தவர்.

அச்சந்திப்பில் பக்தியோடு அரசியலும் இருந்தது. செங்கிஸ்கானின் மரபில் மூத்த கிளை அல்தானுடையது அன்று. அவரைக் குப்ளாயின் மறுபிறவி என்றும், சோனம் கியாட்சோவைப் பக்பாவின் மறுபிறவி என்றும் அறிவித்ததால் அந்தக் குறை நீங்கியது. அதன்பின் இறந்தோருக்காகக் குதிரைகளையும் ஒட்டகங்களையும் பலியிடும் வழக்கம் தடைசெய்யப்பட்டது. ஆயினும் பழைய வழிபாடு முற்றிலும் மறையவில்லை. மலைமுகடுகளில் கற்களைக் குவித்து அமைத்த 'ஓவோ'வை மூன்று முறை வலம் வந்து, நீலப் பட்டுத்துணி சாத்தும் மங்கோலியரை இன்றும் காணலாம்.

மங்கோலிய மொழியில் நம் கோள்களின் பெயர்கள் வழங்குவதாகக் கேள்விப்பட்டேன். தமிழுக்கும் அம்மொழிக்கும் உறவு உண்டா? – திருநெல்வேலி வாசகர்

முதற்பகுதி மெய். செவ்வாய்க் கோளுக்கு மங்கோலியர் இன்று வழங்கும் பெயர் 'அங்காரக்'. புதன் 'புத்', வியாழன் 'பர்ஹஸ்பதி', வெள்ளி 'சுகர்', சனி 'சன்சிர்'. நம் பஞ்சாங்கத்தின் அங்காரகனும் பிரகஸ்பதியும் சுக்கிரனும் கோபிப் பாலைவனத்தின் வானில் அதே பெயர்களோடு உலவுவதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. பௌத்தத்தோடு சென்ற வடசொற்கள் இவை. இதே வடசொற்களோடு திபெத்திய வழியில் வந்த பெயர்களும் உண்டு. செவ்வாய்க்கிழமை பிறந்த குழந்தைக்கு 'மியாக்மர்' என்று பெயரிடுவார்கள். அதன் திபெத்திய மூலத்தின் பொருள் 'செங்கண்'. வச்சிரம் என்ற ஒரே சொல் நேர்வழியில் 'ஓச்சிர்' என்றும், திபெத்திய மொழிபெயர்ப்பாக 'தோர்ஜ்' என்றும் இரண்டு ஆட்பெயர்களாகியிருக்கிறது.

இவற்றினும் வியப்பானவை ஈரானிய வணிகர்களான சோக்தியர் வழியாக வந்த சொற்கள். மங்கோலிய பௌத்த நூல்களில் இந்திரனுக்குப் பெயர் 'கொர்முஸ்த்'. அது பண்டைய ஈரானின் ஜரதுஷ்டிரர் போற்றிய முழுமுதற் கடவுளான அகுர மஸ்தாவே. இன்று புத்தகத்தைக் குறிக்கும் 'நோம்' முன்பு அறநெறியைக் குறித்தது. அதன் வேர் சட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'நோமோஸ்'.

உறவைப் பொறுத்தவரை, தமிழோடு இனத்தொடர்பு நிறுவப்படவில்லை. 'கெர்' என்றால் வீடு, 'கெர்த்' வீட்டில், 'கெரேஸ்' வீட்டிலிருந்து. இவ்வாறு ஒட்டுகள் பின்னே சேர்வதும், வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்பதும் தமிழை நினைவூட்டும். ஆனால் இந்த அமைப்பு ஜப்பானிய மொழியிலும் துருக்கியிலும் உண்டு. அமைப்பு ஒத்திருப்பது மட்டுமே உறவுக்குச் சான்றாகாது. மேலும், சொல்லிலுள்ள உயிரொலிக்கு இசைய ஒட்டின் உயிரும் மாறும் விதி அவர்களுடைய மொழியில் உண்டு. அதனால் 'கெரேஸ்' என்பவர்கள் தந்தையிடமிருந்து என்பதற்கு 'ஆவாஸ்' என்பார்கள்.

அவர்களுடைய எழுத்து மேலிருந்து கீழாக எழுதப்படுவதா? – சென்னை வாசகி

ஆம். நைமான் குலத்தை 1204-இல் வென்றபோது பிடிபட்ட உய்குர் எழுத்தர் தத்தாதுங்காவிடம் எழுத்தமைக்கும் பணியைச் செங்கிஸ்கான் ஒப்படைத்தார் என்பது மரபு. சோவியத் செல்வாக்கினால் மங்கோலிய நாடு 1940-களில் ரஷ்ய மொழிக்குரிய சிரில்லிக் எழுத்துக்கு மாறியது. அதற்குச் சற்று முன்னர்தான், 1937 முதல் 1939 வரை, பல்லாயிரம் லாமாக்கள் கொல்லப்பட்டு நூற்றுக்கணக்கான மடாலயங்கள் தம் சுவடிகளோடு அழிக்கப்பட்டிருந்தன. உயிரோடு எஞ்சிய பிள்ளைகளுக்கும் பாட்டன் எழுதியதைப் படிக்க இயலாமற்போனது பெருந்துயரம். சீன எல்லைக்குள் அமைந்த உள்மங்கோலியாவிலோ பழைய எழுத்து தொடர்ந்து வழங்கி வந்திருக்கிறது. மங்கோலிய நாட்டில் 2015-இல் இயற்றிய சட்டத்தின்படி, 2025 தொடக்கத்திலிருந்து அரசு ஆவணங்கள் இரண்டு எழுத்துகளிலும் எழுதப்பட வேண்டும்.