காத்மாண்டு மேலே விமானம் வட்டமடித்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: ஜனவரியில் அப்பா, அம்மாவை முக்திநாத் தரிசனத்துக்கு அழைத்துப்போகத் திட்டம். போன தடவை நாங்கள் தில்லியிலிருந்து காத்மாண்டு போனபோது விமானம் முக்கால் மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு தரையிறங்கப் போய், ஓடுபாதைக்குக் கிட்டே வந்தபின் சட்டென்று மேலே ஏறிவிட்டது. அம்மாவுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அது ஆபத்தான தருணம்தானா? இந்த முறை எந்த நேர விமானத்தில் போவது நல்லது?

பதில்: வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். உங்கள் அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: சுற்றியதும் சரி, மேலே ஏறியதும் சரி, இரண்டுமே உங்களைக் காப்பாற்றுவதற்காகச் செய்தவை.

காத்மாண்டு விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,340 மீட்டர் உயரத்தில், கிண்ணம் போன்ற பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது. வடக்கே சிவபுரி 2,700 மீட்டரைத் தாண்டும். தென்கிழக்கே புல்சௌகி அதைவிட உயரம். இருப்பதோ ஒரே ஓடுபாதை. பெரிய விமானங்கள் பெரும்பாலும் தெற்கிலிருந்து மலையைத் தாண்டி வந்து இறங்குகின்றன. கிளம்புகிறவையும் பெரும்பாலும் தெற்கு நோக்கியே போகின்றன. ஒரே வாசல் உள்ள வீட்டில் உள்ளே வருகிறவர் வரும்வரை வெளியே போகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும் அல்லவா, அதே நிலைமைதான். அதனால் சமவெளி நிலையங்களைப்போல ஒன்றன் பின் ஒன்றாக நெருக்கமாக விட முடியாது. மிச்சமுள்ளவை காத்திருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொரு விமானத்துக்கும் இடையே ஆயிரம் அடி உயர வித்தியாசம் வைத்து அடுக்கியிருப்போம். கீழே உள்ளது போனால் மேலே உள்ளவை ஒவ்வொரு படியாக இறங்கும். எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். லக்னோவுக்கோ வேறு ஊருக்கோ திரும்பிப் போகும் அளவுக்கு எரிபொருள் இல்லாமல் விமானம் கிளம்பவே கிளம்பாது.

இறங்கும் முறைதான் இங்கே முக்கியம். பெரும்பாலான நிலையங்களில் ஐ.எல்.எஸ். என்ற கருவி, மூன்று டிகிரி சாய்வில் நேர்கோட்டில் விமானத்தைக் கைப்பிடித்து அழைத்து வருவதுபோல இறக்கிவிடும். காத்மாண்டுவில் அந்தக் கோட்டின் குறுக்கே மலை நிற்கிறது. அதனால் படிக்கட்டு முறை: நிலையத்திலிருந்து இத்தனை மைலில் இந்த உயரத்துக்குக் கீழே போகக் கூடாது, அடுத்த மைல் குறியைத் தாண்டிய பிறகே அடுத்த படி. வழியில் ஒரு பகுதியில் சாய்வு ஐந்து டிகிரிக்கும் மேல். காது அடைப்பதும், வழக்கத்தைவிட வேகமாக இறங்குவதுபோலத் தோன்றுவதும் அதனால்தான்.

இந்தப் படிகளில் ஒன்று பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 1992 சாட்சி. அந்த வருடம் செப்டம்பர் 28 அன்று பாகிஸ்தான் இன்டர்நேஷனல் விமானம் ஒவ்வொரு குறியிலும் அடுத்த படிக்குரிய உயரத்துக்கு முன்கூட்டியே இறங்கிக்கொண்டே வந்து மலையில் மோதியது. 167 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூலை 31 அன்று, ஒரு தாய் ஏர்வேஸ் விமானம் தரையிறங்கும் முயற்சியைக் கைவிட்ட பிறகு, தெற்கே திரும்புவதாக நினைத்து வடக்கே போய் மோதியது, 113 பேர். அன்று அங்கே ரேடார் இல்லை. விமானி ரேடியோவில் சொல்வதை நம்புவதைத் தவிர கட்டுப்பாட்டாளருக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த இரண்டு விபத்துகளையும் படித்தபோது எனக்குத் தூக்கம் போனது. ஒரு திரை இருந்திருந்தால், ‘நீங்கள் வடக்கே போகிறீர்கள்’ என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

பிற்பாடு ரேடார் வந்தது. இன்று கட்டுப்பாட்டாளர் முன்னால் உள்ள வரைபடம் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறைந்தபட்ச உயரம். சமவெளியில் தடைகளுக்கு மேலே ஆயிரம் அடி இடைவெளி போதும். மலைப்பகுதியில் இரண்டாயிரம் அடிவரை விடுவது வழக்கம். ரேடார் பார்த்து நாங்கள் திசை சொல்லும்போது, மலையில் மோதாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் எங்களுடையது. அந்த எண்ணுக்குக் கீழே ஓர் அடிகூட இறக்க மாட்டோம், எத்தனை விமானம் வரிசையில் நின்றாலும்.

அப்புறம், நீங்கள் பார்த்த அந்தத் திடீர் ஏற்றம். குறிப்பிட்ட உயரத்துக்கு வந்தும் விமானிக்கு ஓடுபாதை தெளிவாகத் தெரியவில்லை என்றால், அல்லது முன்னால் இறங்கிய விமானம் இன்னும் விலகவில்லை என்றால், ஏறியே ஆக வேண்டும். ஏறி நேராக வடக்கே போக முடியாது, மலை. திரும்பித் தெற்குப் பக்கம் வந்துவிட வேண்டும். இதற்கான பாதை முன்பே வரைந்து வைத்திருக்கிறது. 2015 மார்ச்சில் ஒரு பெரிய துருக்கி விமானம் மூடுபனியில் ஓடுபாதை தெரியாமலே தொடர்ந்து இறங்கி, புல்வெளியில் சறுக்கி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் நான்கு நாள் சர்வதேசப் போக்குவரத்தே முடங்கியது. உங்கள் விமானி ஏறியதால் அப்படி எதுவும் நடக்கவில்லை.

சரி, பயணத் திட்டத்துக்கு வருவோம். ஜனவரியில் காத்மாண்டு பள்ளத்தாக்கில் காலை மூடுபனி அதிகம்; வெயில் ஏறியபின் விலகும். ஆகவே தில்லியிலிருந்து அதிகாலை விமானம் வேண்டாம், நண்பகலை ஒட்டி இறங்குவதாகப் பதிவு செய்யுங்கள். முக்திநாத் போகும் வழியில் உள்ள பொக்காராவுக்கு அன்றே விமானம் பிடிக்க வேண்டாம், ஓர் இரவு தங்கிவிடுங்கள். தேதி மாற்ற முடியுமானால் அக்டோபர், நவம்பர்தான் என் தேர்வு. வானம் தெளிந்திருக்கும், குளிரும் பெரியவர்கள் தாங்கும் அளவில் இருக்கும்.

பொக்காராவிலிருந்து, முக்திநாத்துக்கு அருகே விமானம் இறங்கும் ஊரான ஜோம்சோம் போவதற்கு மட்டும் கணக்கு நேர்மாறு. தௌலகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே காளி கண்டகிப் பள்ளத்தாக்கு வழியாக, மலையைக் கண்ணால் பார்த்தே ஓட்டுகிற சிறிய விமானங்கள் அவை. முற்பகலிலேயே பள்ளத்தாக்கில் பலத்த காற்று எழும். எனவே அன்றைய முதல் விமானத்தையே பிடியுங்கள். மேகம் சூழ்ந்தால் ரத்து செய்வார்கள். கவுண்டரில் சண்டை போடாதீர்கள், வற்புறுத்தாதீர்கள். 2022 மே 29 அன்று அந்தப் பாதையில் ஒரு சிறு விமானம் மலையில் மோதி 22 பேர் இறந்தார்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் ஜீப்பில் போகவும் சாலை இருக்கிறது. முக்திநாத் சுமார் 3,700 மீட்டர் உயரம் என்பதால், அப்பா அம்மாவை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட்டு டிக்கெட் எடுங்கள்.